"பாலியல் குற்றவாளி" என்று எழுதுவதற்கு முன்: கலைக்களஞ்சியக் குறிப்பு எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"முக்கியக் குற்றவாளி கைது." இந்தத் தலைப்பை நாளிதழில் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. கைதான அன்றே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். நாளிதழ் மறுவாரம் எடைக்குப் போய்விடும். கலைக்களஞ்சியக் குறிப்பு அப்படிப் போகாது. பத்து வருடம் கழித்து வேலைக்கு ஆள் எடுப்பவரும், சம்பந்தம் பேச வருபவரும், பள்ளிக் கட்டுரை எழுதும் பிள்ளையும் அதைத்தான் தேடிப் படிப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு குறிப்பில், செய்தியில் இருந்ததை அப்படியே எடுத்து ஒருவரைக் 'குற்றவாளி' என்று போட்டேன். வழக்கின் முடிவில் நீதிமன்றம் அவர் குற்றம் செய்யவில்லை என்று விடுவித்தது. அது எனக்குத் தெரிய பதினோரு மாதம் ஆனது, அதுவும் அவருடைய தங்கை எழுதிய கடிதத்தால். திட்டவில்லை, வழக்குப் போடுவேன் என்று மிரட்டவில்லை. "அண்ணன் கடைக்குப் போவதில்லை" என்று மட்டும் எழுதியிருந்தார். அன்றிலிருந்து இந்த வகைக் குறிப்புகளை நான் எழுதும் முறை மாறியது. அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியாயமாக எழுதுவது என்றால் குற்றத்தை மழுப்புவது என்று பொருளல்ல. எட்டு வயதுக் குழந்தைக்கு நடந்த கொடுமையை 'சில்மிஷம்' என்று எழுதுவதும் அநியாயம்தான். கைதான ஆளைக் 'காமக்கொடூரன்' என்று எழுதுவதைவிட அது சின்னத் தவறு கிடையாது. என்ன நடந்தது, எந்தச் சட்டப்படி அது குற்றம், எந்த நீதிமன்றம் எந்தத் தேதியில் என்ன முடிவு செய்தது, இவை துல்லியமாக இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் கிடைத்துவிடும்.

படி 1: எந்த நாட்டுச் சொல் என்று பாருங்கள்

'பாலியல் குற்றவாளி' என்ற சொல் எல்லா நாட்டிலும் ஒரே பொருளில் வழங்குவதில்லை. அமெரிக்காவில் அது ஒரு சட்ட நிலை. கலிஃபோர்னியா 1947-இலேயே இத்தகையவர்களுக்கென ஒரு பட்டியலைத் தொடங்கியது. 1994-இல் கூட்டாட்சிச் சட்டம் வந்து எல்லா மாநிலங்களையும் பட்டியல் வைக்கச் சொன்னது. 1996-இல் வந்த 'மேகன் சட்டம்' அந்தத் தகவலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2006-இல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம் குற்றத்தின் தன்மையைப் பொறுத்து மூன்று அடுக்குகள் வகுத்தது: 15 ஆண்டு, 25 ஆண்டு, ஆயுள் முழுக்க. ஆக, அங்கே ஒருவரை அப்படி அழைத்தால், தண்டனை பெற்று, பட்டியலில் பெயர் ஏறி, முகவரி மாறினால் காவல் துறைக்குத் தெரிவிக்கும் கடமையோடு வாழ்கிறார் என்று அர்த்தம். அந்தப் பட்டியலுக்குள்ளும் மிகக் கொடிய குற்றம் செய்தவர் முதல், தன்னைவிட இரண்டு மூன்று வயது இளைய காதலியோடு பிடிபட்ட பையன் வரை பல தரத்தவர் இருக்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். அதனால் 'அமெரிக்காவில் பாலியல் குற்றவாளிப் பட்டியலில் இருப்பவர்' என்பதோடு நிறுத்தினால் வாசகருக்கு எதுவும் சொன்னதாகாது. எந்தக் குற்றத்துக்காக என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இந்தியாவில் அப்படியொரு பொதுப் பட்டியல் கிடையாது. 2018 செப்டம்பர் 20-இல் மத்திய உள்துறை அமைச்சகம் தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தேசியத் தரவுத்தளம் காவல், விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்கக் கூடியது. தொடங்கும்போது அதில் ஏறத்தாழ 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. நீங்களும் நானும் அதைத் திறந்து பார்க்க முடியாது. ஆகவே இந்தியர் ஒருவரைப் பற்றிய குறிப்பில் 'பாலியல் குற்றவாளி' என்பது சட்டம் தந்த பெயர் அல்ல, எழுதுகிறவர் தரும் பெயர். பொறுப்பும் எழுதுகிறவருடையதுதான்.

இங்கே தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அமெரிக்கச் செய்திகளை மொழிபெயர்க்கிறவர்கள் 'பதிவு செய்யப்பட்ட பாலியல் குற்றவாளி' என்று எழுதுகிறார்கள். நம் காதில் 'பதிவு' என்றால் என்ன விழும்? போலீஸ் வழக்குப் பதிவு செய்தது, அவ்வளவுதான். தண்டனை பெற்ற ஒருவரை வெறும் முதல் தகவல் அறிக்கை நிலையில் இருப்பவராக வாசகர் எடுத்துக்கொள்வார். 'பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் பெயர் சேர்க்கப்பட்டவர்' என்று எழுதுங்கள். நாலு எழுத்து கூடினாலும் குழப்பம் இல்லை.

வயதும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 2012 நவம்பர் 14-இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 18 வயதுக்குக் கீழுள்ள எல்லாரும் குழந்தைகள் ஆனார்கள். அதற்கு முன், பாலுறவுக்குச் சம்மதம் தரச் சட்டம் ஏற்ற வயது 16. இலங்கையில் இன்றும் 16. எனவே 1998-இல் நடந்த ஒரு நிகழ்வை இன்றைய சட்டத்தின் பெயரால் வருணிக்கக் கூடாது. அன்று எந்தப் பிரிவில் வழக்கு நடந்ததோ அதையே சொல்லுங்கள். கணவன் மனைவியை வல்லுறவு செய்வது, மனைவி 18 வயது நிரம்பியவராக இருந்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவில் இன்னும் விதிவிலக்காகவே இருக்கிறது. அது கொடுமை என்பது என் கருத்து. ஆனாலும் குறிப்பில் 'சட்டப்படி குற்றம்' என்று எழுத எனக்கு உரிமை இல்லை. 'இந்தியச் சட்டம் இதை வல்லுறவாகக் கருதுவதில்லை' என்று எழுதினால், வாசகருக்குச் சட்டத்தில் உள்ள அந்த ஓட்டை தானாகவே தெரிந்துவிடும்.

படி 2: வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள்.

புகார் கொடுக்கப்பட்டிருக்கிறதா, வழக்குப் பதிவாகியிருக்கிறதா, கைதா, ஜாமீனா, குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா, நீதிமன்றம் குற்றச்சாட்டை வனைந்து பதிவு செய்ததா, விசாரணை நீதிமன்றத் தீர்ப்பா, மேல்முறையீடா? ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை 'குற்றம் சாட்டப்பட்டவர்'. இலங்கையில் 'சந்தேகநபர்' என்ற சொல் நன்றாகப் புழங்குகிறது. தமிழ்நாட்டு நீதிமன்றத் தாள்களில் 'எதிரி' என்றிருக்கும், '1-ஆவது எதிரி', '2-ஆவது எதிரி' என்று. அது நீதிமன்ற வழக்கு. அப்படியே குறிப்பில் இறக்கினால், வாசகர் யாருக்கு எதிரி என்று கேட்பார். சிறையில் இருப்பவரிலும் விசாரணைக் கைதி வேறு, தண்டனைக் கைதி வேறு.

அதைவிட ஆபத்தான சொல் 'விடுதலை'. ஜாமீனில் வந்தாலும் விடுதலை, தண்டனை முடிந்து வந்தாலும் விடுதலை, குற்றம் நிரூபணமாகவில்லை என்று நீதிமன்றம் அனுப்பினாலும் விடுதலை. 'அவர் 2021-இல் விடுதலையானார்' என்ற வரியைப் படிப்பவர் இந்த மூன்றில் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். 'ஜாமீனில் வெளிவந்தார்', 'தண்டனைக் காலம் முடிந்து வெளிவந்தார்', 'குற்றம் நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி நீதிமன்றம் விடுதலை செய்தது', 'மேல்முறையீடு முடியும்வரை தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது' என்று முழுவதுமாக எழுதுங்கள்.

ஒரு வழக்கைப் பார்ப்போம். 2018 ஜூலையில் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு சிறுமிக்கு இழைக்கப்பட்ட தொடர் வன்கொடுமைக்காக 17 பேர் கைதானார்கள். நாடே கொதித்தது. அந்த வாரம் எழுதப்பட்ட பலவற்றில் '17 குற்றவாளிகள்' என்றுதான் இருந்தது. 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தபோது 15 பேர் குற்றவாளிகள் என முடிவானது. ஒருவர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட்டார். ஒருவர் விடுதலை செய்யப்பட்டார். '17 குற்றவாளிகள்' என்ற வரியை அப்படியே விட்டுவைத்த ஒவ்வொரு பக்கமும் அந்த ஒருவருக்கு இன்றுவரை பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த 15 பேரைக் குற்றவாளிகள் எனக் கண்ட அந்தத் தீர்ப்பின் கனம் இதனால் ஒரு துளியும் குறையவில்லை.

இன்னும் கனமானது 2017-இல் சென்னைப் புறநகரில் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கு. 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 அக்டோபர் 8-இல் உச்ச நீதிமன்றம், சாட்சியச் சங்கிலி நிரூபிக்கப்படவில்லை, விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று சொல்லி அவரை விடுவித்தது. ஏழு ஆண்டுகள் 'குற்றவாளி' என்று எழுதியது தவறா? 2018 முதல் 2025 வரை 'நீதிமன்றத்தால் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர்' என்பது உண்மைதான். தேதி போடாமல் 'குற்றவாளி' என்று எழுதினவர்தான் மாட்டிக்கொண்டார். தேதியோடு எழுதியவர் அடுத்த வரியைச் சேர்த்தால் போதும், பழைய வரியை அழிக்கக்கூட வேண்டாம்.

விடுதலைத் தீர்ப்பை எழுதும்போது கை எந்தப் பக்கமும் சாயக் கூடாது. சாட்சிகள் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சிகளாக மாறியதால் விடுதலையா, சந்தேகத்தின் பலன் தரப்பட்டதா, குற்றமே நடக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டதா? தீர்ப்பில் உள்ள காரணத்தை எழுதுங்கள். 'நிரபராதி என நிரூபணம்' என்று கூட்டாதீர்கள், 'தப்பித்தார்' என்று குறைக்காதீர்கள். அமெரிக்க நடிகர் பில் காஸ்பி 2018-இல் தண்டிக்கப்பட்டார். 2021 ஜூன் 30-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்குத் தொடரமாட்டோம் என்று முன்னர் அரசு வழக்கறிஞர் தந்த உறுதியை நம்பி அவர் சிவில் வழக்கில் வாக்குமூலம் கொடுத்தார், பிறகு அதையே அவருக்கு எதிராகப் பயன்படுத்தியது முறையல்ல என்பதுதான் காரணம். புகார் சொன்ன பெண்கள் பொய் சொன்னார்கள் என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. இந்த ஒரு காரணத்தை விட்டுவிட்டால் குறிப்பு முழுக்கத் திரிந்துபோகும்.

அப்புறம் அந்த 'ஒப்புக்கொண்டார்'. 'போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று செய்தியில் வரும். காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் இந்தியாவில் சாட்சியமாகச் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதைத்தான் சொன்னது, இப்போதைய பாரதிய சாட்சிய அதிநியமும் அதையே சொல்கிறது. நீதிமன்றமே ஏற்காத ஒன்றைக் கலைக்களஞ்சியம் ஏற்கக் கூடாது. நீதிபதி முன் ஒப்புக்கொண்டால் எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

படி 3: செயலைச் சொல்லுங்கள், வசவைச் சொல்லாதீர்கள்

தமிழில் இதற்கான சொற்கள் இரண்டு பக்கமும் தப்பாகப் போகின்றன. ஒரு பக்கம் காமுகன், காமக்கொடூரன், மனித மிருகம், சைக்கோ. மறுபக்கம் சில்மிஷம், சீண்டல், உல்லாசம், தகாத உறவு, 'ஆசை வார்த்தை கூறி'. முதல் வகை கோபத்தைக் கொட்டுகிறது, நடந்ததைச் சொல்வதில்லை. மிருகம் என்றதும், நம் வீட்டுக்கு வந்து போகிற, சிரித்துப் பேசுகிற ஆள் அதில் வரமாட்டார் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகளில் ஆண்டுதோறும் 90 சதவீதத்துக்கும் மேலான வல்லுறவு வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்தான். இரண்டாவது வகை இன்னும் மோசம். '14 வயதுச் சிறுமியுடன் உல்லாசமாக இருந்த ஆசிரியர்' என்ற வரியில் உல்லாசம் யாருக்கு? குழந்தைக்குச் சம்மதம் கொடுக்கும் உரிமையே இல்லை என்று சட்டம் சொல்லும்போது, அந்தச் சொல் குழந்தையையும் கூட்டாளி ஆக்கிவிடுகிறது.

'கற்பழிப்பு' என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். அழிந்தது அவருடைய கற்பு என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. இழப்பு அவர் தலையில் விழுகிறது. வல்லுறவு, வன்புணர்வு, பாலியல் வன்கொடுமை என்று எழுதலாம். பழைய தீர்ப்பையோ சட்ட வாசகத்தையோ மேற்கோள் காட்டினால் மட்டும் மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும். 'கெடுத்தான்', 'சீரழித்தான்', 'நாசம் செய்தான்' எல்லாம் இதே கதைதான். ஒரு பெண் கெட்டும் போகவில்லை, நாசமாகவும் போகவில்லை.

சட்டப் பிரிவு உங்களுக்குத் துணை. போக்சோவில் ஊடுருவும் பாலியல் தாக்குதல் 3-ஆம் பிரிவு, தொடுதல் வகைத் தாக்குதல் 7-ஆம் பிரிவு, தொடாமலே செய்யும் பாலியல் தொந்தரவு 11-ஆம் பிரிவு. தண்டனையிலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 'போக்சோவில் தண்டனை பெற்றவர்' என்றால் இவற்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 17 வயதுப் பெண்ணோடு ஊரைவிட்டுப் போன 19 வயதுப் பையனும் இதே சட்டத்தில்தான் வருகிறான். சென்னை உயர் நீதிமன்றம் 2019-இலும் 2021-இலும் இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்த்துவிட்டு, வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கமல்ல என்று எழுதியது. அந்தப் பையனையும், குழந்தையை மிரட்டி வன்கொடுமை செய்த ஐம்பது வயதுக்காரரையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டு 'இரண்டும் சட்டப்படி சரிதான்' என்று சொல்லிவிட முடியாது.

அவன், அவர் விஷயம். கைதானதும் 'அவர்' 'அவன்' ஆகிவிடுகிறார். குறிப்பில் எல்லாரும் அவர்தான், தண்டனை பெற்றவரும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: குற்றம் செய்தவருக்கு 'அவர்' போட்டுவிட்டு, அதே பத்தியில் பதினாறு வயதுப் பெண்ணுக்கு 'அவள்' போடுவது. படித்துப் பாருங்கள், காதில் அறையும். இருவருக்கும் 'அவர்' போடுங்கள், அல்லது 'சிறுமி' என்றே கொண்டுபோங்கள்.

வாக்கிய அமைப்பும் பேசும். 'சிறுமி வன்கொடுமைக்கு ஆளானார்' என்ற வரியில் செய்தவரே இல்லை, ஏதோ மழை பெய்தது போல நடந்திருக்கிறது. தீர்ப்பு வந்துவிட்டால் செய்தவரை எழுவாயாக்குங்கள்: 'இன்னார் சிறுமியை வன்கொடுமை செய்தார் என நீதிமன்றம் கண்டது.' தீர்ப்பு வருமுன் 'கூறப்படுகிறது' என்று வரிக்கு வரி போடவும் வேண்டாம். யார் கூறினார் என்று ஒருமுறை சொன்னால் போதும்: 'காவல் துறையின் குற்றப்பத்திரிகைப்படி'.

படி 4: பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டாதீர்கள்

இது பண்பு மட்டுமல்ல, சட்டம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228-ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு. இரண்டு ஆண்டுவரை சிறை. குழந்தைகள் என்றால் போக்சோவின் 23-ஆம் பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எல்லாவற்றையும் தடுக்கிறது. 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் அடையாளத்தை வெளியிடக் கூடாது, தூரத்துத் தடயம்கூடத் தரக் கூடாது என்றது.

'எல்லாரும் போட்டுவிட்டார்கள், இனி என்ன' என்பார்கள். 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கை மத்திய புலனாய்வுத் துறைக்கு மாற்றிய அரசாணையிலேயே புகார் கொடுத்த பெண்ணின் பெயர் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தபோதும் அதே அளவு இழப்பீட்டுக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசுத் தாளில் இருந்தது என்பது எடுத்தாள்வதற்கான உரிமை ஆகாது.

பெயரை மட்டும் மறைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதுவதுதான் வழக்கமான தவறு. 'இந்த ஊர் அரசுப் பள்ளியில் 9-ஆம் வகுப்புப் படிக்கும், தந்தையை இழந்த, தையல்காரரின் பேத்தி' என்று எழுதினால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒவ்வொரு விவரத்தையும் தனியாகப் பார்க்காமல், எல்லாம் சேர்ந்தால் யாரைக் காட்டும் என்று பாருங்கள். குற்றம் செய்தவர் தந்தை, சித்தப்பா, தாத்தா என்றால், அவர் பெயரைப் போடுவதே பிள்ளையின் பெயரைப் போடுவதுதான். அங்கே தண்டனை பெற்றவரின் பெயரையும் விட்டுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றாலும் இதே கதவு மூடும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அவருடைய அடையாளத்தையும் காக்கிறது.

படி 5: முதல் வரி

ஒருவரைப் பற்றிய குறிப்பின் முதல் வரியில் 'பாலியல் குற்றவாளி' வரலாமா? அவர் அறியப்படுவதே அந்தக் குற்றத்தால்தான் என்றால், அல்லது அந்தத் தீர்ப்பு அவருடைய பொது வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது என்றால், தொடக்கப் பத்தியில் வரத்தான் வேண்டும். ஆனால் பட்டமாக வராமல் தகவலாக வரட்டும்.

அமெரிக்க நிதியாளர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். அவர் 2008-இல் ஃபுளோரிடா மாநில நீதிமன்றத்தில் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டு, 18 மாதத் தண்டனையில் சுமார் 13 மாதம் உள்ளே இருந்தார். 2019 ஜூலையில் சிறுமிகளைப் பாலியல் நோக்கில் கடத்திய கூட்டாட்சிக் குற்றச்சாட்டில் கைதாகி, ஆகஸ்ட் 10-இல் சிறையில் இறந்தார். விசாரணை நடக்கவே இல்லை. எனவே 'கடத்தலுக்காகத் தண்டிக்கப்பட்டவர்' என்பது பிழை. கடத்தல் தொடர்பாகத் தண்டனை பெற்றவர் அவருடைய கூட்டாளி கிஸ்லேன் மேக்ஸ்வெல். 2021 டிசம்பரில் தீர்ப்பு, 2022-இல் 20 ஆண்டு. இன்னொரு நெருடலும் உண்டு. 2008-இல் எப்ஸ்டீன் ஒப்புக்கொண்ட இரண்டு குற்றங்களில் ஒன்றின் சட்டப் பெயர், 18 வயதுக்குக் கீழுள்ளவரை விபச்சாரத்துக்குப் பெறுதல். அதை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் பதிவில் இருப்பது அதுதான். ஆனால் அந்தப் பெயர் குழந்தையை விபச்சாரியாக்குகிறது. அதனால் அடுத்த வரியிலேயே பாதிக்கப்பட்டவர் ஒரு சிறுமி என்பதைச் சொல்லிவிடுவேன்.

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு சாமியார் பிரேமானந்தா. கோபத்தில் எழுதினால் 'போலிச் சாமியாரும் காமுகனுமான' என்று தொடங்கும். பக்தர் எழுதினால் 'பொய் வழக்கில் சிக்கவைக்கப்பட்ட மகான்' என்று தொடங்கும். நான் எழுதினால் இப்படி:

'பிரேமானந்தா (1951–2011) இலங்கையின் மாத்தளையில் பிறந்து, 1983-இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் தமிழ்நாட்டுக்கு வந்து திருச்சிக்கு அருகே ஆசிரமம் நடத்திய சாமியார். ஆசிரமத்தில் வாழ்ந்த 13 பெண்களை வல்லுறவு செய்தது, ஆண் ஒருவரைக் கொலை செய்தது ஆகிய குற்றங்களுக்காகப் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் 1997-இல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. தண்டனைக் காலத்திலேயே இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று அவரைப் பின்பற்றுவோர் கூறிவருகின்றனர்.'

இதில் வசவு ஒன்றும் இல்லை. ஆனால் படித்து முடிப்பவருக்கு எதுவும் மறைக்கப்படவும் இல்லை. பக்தர்கள் சொல்வது ஒரு வரி பெறுகிறது. உச்ச நீதிமன்றம்வரை நின்ற தீர்ப்புக்குச் சமமான இடம் பெறவில்லை. இரண்டு தரப்புக்கும் சரிபாதி இடம் தருவதுதான் நடுநிலை என்று நினைப்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

சாதி, மதம், மாநிலம் சேர்ப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'வடமாநிலத் தொழிலாளி' என்பது குற்றத்துக்குத் தொடர்பில்லாவிட்டால் வேண்டாம். தொழில் எப்போது முக்கியம் என்பதைப் போக்சோவே சொல்கிறது: காவலர், ஆசிரியர், மருத்துவமனை ஊழியர், உறவினர் என நம்பிக்கையான இடத்தில் இருப்பவர் செய்தால் 5, 9 பிரிவுகளில் அது கடுமையான குற்றம். அங்கே தொழிலைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

படி 6: நோயின் பெயரைக் குற்றத்துக்கு வைக்காதீர்கள்

'பீடோஃபைல்' என்ற சொல் இப்போது தமிழிலும் சர்வசாதாரணம். அது மனநல மருத்துவச் சொல். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்ற நோயறிதல் கையேடு, பருவமடையாத குழந்தைகள்மீது ஆறு மாதமாவது நீடிக்கும் பாலியல் ஈர்ப்பையும், அதன்படி நடப்பதையோ அதனால் கடுமையான துன்பம் வருவதையோ வைத்துக் கோளாறு என்று வகுக்கிறது. ஈர்ப்பு மட்டும் இருந்து எந்தக் குழந்தையையும் தொடாதவர்கள் உண்டு. குழந்தைகளை வன்கொடுமை செய்தவர்களில் இந்த நோயறிதலுக்குள் வராதவர்களும் நிறையப் பேர். மருத்துவர் சொல்லாமல் யாருக்கும் அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள். 'குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்' என்பது போதும், தெளிவாகவும் இருக்கிறது.

படி 7: எண்ணைப் பார்த்தால் அதன் ஊரைக் கேளுங்கள்

'இவர்கள் திருந்தவே மாட்டார்கள், 80 சதவீதம் பேர் மறுபடி செய்வார்கள்' என்ற எண்ணைப் பல இடங்களில் காணலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2002-இல் மெக்கூன் எதிர் லைல் வழக்கில், சிகிச்சை பெறாதவர்கள் மறுபடி குற்றம் செய்யும் வீதம் 80 சதவீதம்வரை போகலாம் என்று எழுதியது. நீதிமன்றம் அதை அரசுக் கையேடு ஒன்றிலிருந்து எடுத்தது. கையேடு அதை 1986-இல் வந்த ஒரு வெகுஜன உளவியல் இதழ்க் கட்டுரையிலிருந்து எடுத்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் ஒரு சிகிச்சைத் திட்டத்தை நடத்தியவர். எண்ணுக்கு ஆதாரம் எதுவும் தரவில்லை. ஒரு வரி இரண்டு படி ஏறி உச்ச நீதிமன்றம் போய்விட்டது.

அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2003-இல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. 1994-இல் 15 மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்த 9,691 ஆண் பாலியல் குற்றவாளிகளில் 5.3 சதவீதம் பேர் மூன்று ஆண்டுக்குள் மறுபடி பாலியல் குற்றத்துக்காகக் கைதானார்கள். இதை எழுதும்போது, இது மறுகைது, மறுகுற்றம் அல்ல என்றும் எழுதுங்கள். புகாருக்கே வராத குற்றங்கள் ஏராளம். எண் நமக்குப் பிடித்த பக்கம் சாய்ந்தாலும் இந்த வரியை விட்டுவிடக் கூடாது.

படி 8: எழுதி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டே இருங்கள்

கைது அன்று ஆயிரம் பேர் எழுதுவார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பு அன்று பத்துப் பேர்கூட எழுதமாட்டார்கள். ஆகவே இந்தக் கடைசிப் படிதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

ஒருவர் விசாரணை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, மதுரைக் கிளையில் விடுதலை பெற்றார். இணையத்தில் கிடக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கச் சொல்லி அவரே மறுபடி நீதிமன்றம் போனார். 2021-இல் தனி நீதிபதி முடியாது என்றார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. சட்டம் எந்தப் பக்கம் போனாலும் சரி, விடுதலையான, பொது வாழ்வில் இல்லாத ஒரு தனி மனிதரின் பெயரைத் தாங்கிக்கொண்டு நம் குறிப்பு நிற்க வேண்டிய அவசியம் இல்லை. வழக்கு முக்கியம் என்றால் வழக்கைப் பற்றி எழுதலாம், பெயர் இல்லாமல்.

நான் செய்வது இதுதான். குறிப்பை வெளியிட்டதும் ஒரு நோட்டில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், வழக்கின் நிலையைக் காட்டும் அரசின் இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடப் பயன்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இடக் குறியீடு, கடைசியாகப் பார்த்த தேதி, இவ்வளவும் எழுதிவைப்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். பாதிக்கு மேல் மாற்றம் எதுவும் இருக்காது. இருந்தால் அன்றைக்கே வரியைச் சேர்த்துவிடுவேன். குறிப்பின் உள்ளேயே 'மேல்முறையீடு நிலுவையில் உள்ளது' என்று எழுதினால், எந்த மாத நிலவரம் என்றும் சேர்த்துவிடுங்கள்; படிப்பவருக்குத் தேதி தெரியும்.

அந்தத் தங்கையின் கடிதம் வந்த அன்று குறிப்பைத் திருத்தி அவருக்கு அனுப்பினேன். முழுவதும் எடுத்துவிடவா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எடுத்துவிட்டால் பழைய பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருப்பவர்கள் அதையே காட்டுவார்கள், அதனால் விடுதலையான தேதியோடு இருக்கட்டும் என்று அண்ணன் சொன்னாராம். தீர்ப்பின் முதல் பக்கத்தையும் கூடவே வைத்து அனுப்பியிருந்தார். அந்தத் தேதி இன்றும் முதல் பத்தியில் இருக்கிறது.